தக்காளியின் அடி கறுக்கிறதா?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் மாரி ஓய்ந்து தக்காளி முதல் குலை காய்க்கிற நேரம் இந்தத் தொல்லை தலைகாட்டும். காய் பாதி பருத்திருக்கும். பூ உதிர்ந்த முனை கறுத்துக் குழிந்துவிடும். கல்சியம் போதாது, முட்டைக்கோது போடு என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். எங்கள் செம்மண்ணில் அந்த வைத்தியம் பெரும்பாலும் வீண்வேலை.

1. முதலில் குறையை அடையாளம் காணுங்கள். காம்புப் பக்கம் நன்றாக இருக்கும். அடியில் மட்டும் தண்ணீர் ஊறினதுபோல் ஒரு பொட்டு விழும். அது மண்ணிறமாகி, கறுத்து, தோல்வார்போலத் தட்டையாகக் காயும். இது கிருமியால் வருவதில்லை, பக்கத்துச் செடிக்குத் தொற்றவும் மாட்டாது. கறுத்த இடத்தில் பூஞ்சணம் தெரிந்தால் அது பிறகு வந்து குடியேறியது. அதற்காகப் பூஞ்சண மருந்து வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம். காயில் ஓட்டை இருந்தால் அது புழுவின் வேலை. அதற்கு வைத்தியம் வேறு.

2. உங்கள் வீட்டுக் கேத்திலுக்குள் எட்டிப் பாருங்கள். கிணற்றுத் தண்ணீர் கொதித்துக் கொதித்து அடியில் படிந்த வெள்ளைப் படைதான் கல்சியம். குடாநாடு முழுக்கச் சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. 1950 இல் காங்கேசன்துறையில் சீமெந்து ஆலை வந்ததும் அந்தக் கல்லை நம்பித்தான். அதற்குள் ஊறி வரும் தண்ணீரை இறைக்கிற தோட்டத்தில் கல்சியப் பஞ்சம் வருவது அருமை. பஞ்சம் காயில்தான். கல்சியம் வேரிலிருந்து தண்ணீரோடு சேர்ந்துதான் மேலே ஏறும். இலை வெயிலில் நிறையத் தண்ணீரை ஆவியாக விடுவதால் வருகிறதில் பெரும்பங்கை அது இழுத்துக்கொள்ளும். காய் அப்படி ஆவி விடாது, ஆகவே அதற்குக் கிடைப்பது மிச்சம்மீதி. மண் இரண்டு நாள் காய்ந்தால் அந்த மிச்சமும் இல்லை. இலைக்குப் போய்ச் சேர்ந்த கல்சியம் திரும்பிக் காய்க்கு வராது.

3. எனவே முதல் மருந்து ஒழுங்கான தண்ணீர். பூ காயாக மாறிய முதல் இரண்டு வாரத்தில் இதில் பிசகவே கூடாது. செம்மண் தண்ணீரைச் சீக்கிரம் கீழே விட்டுவிடும். வாரம் ஒருமுறை பாத்தி நிறைய விட்டு, பிறகு மறந்துபோவதுதான் பெருங்கேடு. ஒன்றுவிட்ட ஒரு நாள், காலையில், செடிக்கு அரை வாளி என்று தொடங்குங்கள். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம், தட்டாவிட்டால் கட்டாயம் இறையுங்கள். மழை பெய்த மறுநாளும் இப்படிப் பார்த்தே முடிவெடுங்கள். சேறாகத் தேங்கினாலும் வேர் மூச்சுவிட முடியாமல் இதே குறை வரும்.

4. செடியடியை மூடிவையுங்கள். வைக்கோல், வாழைச்சருகு, காய்ந்த பூவரசங்குழை, எது கிடைத்தாலும் மூன்று விரற்கடை உயரத்துக்குப் பரப்பலாம். தண்டில் முட்டாமல் கொஞ்சம் இடம் விடுங்கள். மூடினால் களையும் குறையும். செடியடியில் மண்வெட்டி போட்டுக் கொத்துவதையும் நிறுத்தலாம். கொத்தும்போது அறுபடுகிறவை மேல்மண்ணில் தண்ணீர் குடிக்கிற வேர்கள்தான்.

5. யூரியாவில் கை நீளக் கூடாது. இலை கருகருவென்று தழைத்தால் பார்க்க அழகுதான், ஆனால் அந்த இலைதான் காயின் பங்கைக் குடிக்கிறது. யூரியாவிலிருந்து வரும் அமோனியமும் வேர் கல்சியத்தை எடுப்பதற்குக் குறுக்கே நிற்கும். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் ஏற்கெனவே நைத்திரேற்று அதிகம் என்பதையும் நினைவில் வையுங்கள். வீட்டுத் தோட்டத்துக்கு மக்கிய மாட்டெருவும் ஆட்டெருவும் போதும்.

6. முட்டைக்கோதை எருக்குழியில் போடுங்கள், பாதகமில்லை. காரப் பக்கம் சாய்ந்த மண்ணில் அது கரைய நெடுங்காலம் எடுக்கும். இந்தப் போகத்துக் காய்க்கு உதவாது. எப்சம் உப்போ இன்னும் மோசம். அதிலிருப்பது மக்னீசியம், அது கல்சியத்தோடு போட்டிபோடும். கல்சியத்தை இலையில் தெளிப்பதும் அவ்வளவாகப் பலன் தராது.

7. கிணறு உவர்க்கிறதா என்று நாக்கில் வைத்துப் பாருங்கள். குடாநாட்டில் நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீரின் மேல் மிதக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உவர். கோடையில் மோட்டர் போட்டு ஒரேயடியாக இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலே ஏறும். உப்பேறிய மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டு இறையுங்கள். மாரித் தண்ணீரைப் பீப்பாவில் பிடித்து வைத்திருந்தால் காய் பிடிக்கும் நேரத்துக்கு அதை ஒதுக்குங்கள்.

8. சாடியிலும் பையிலும் வளர்ப்பவர்கள் தனிக்கணக்கு. தும்புச்சோற்றில் கல்சியம் குறைவு. அதற்கு மழைத்தண்ணீர் மட்டுமே விட்டால் உண்மையாகவே குறை வரும். அங்கே ஒரு மேசைக்கரண்டி ஜிப்சம் கலக்கலாம். சாடி பதினைந்து லீற்றருக்குக் குறையக் கூடாது. கடும் வெயிலில் காலையும் மாலையும் தண்ணீர் வேண்டும்.

9. கறுத்த காய் இனித் தேறாது. பிஞ்சாக இருக்கும்போதே கிள்ளிவிட்டால் செடி அடுத்த குலையைக் கவனிக்கும். பழுத்துவிட்டால் கறுத்த பாகத்தைத் தாராளமாக வெட்டியெறிந்து மிச்சத்தைச் சொதிக்குப் போடலாம். வெட்டும்போது உள்ளே கறுப்போ பூஞ்சணமோ மணமோ இருந்தால் முழுதாகக் குப்பைக்கு.

10. அடுத்த முறை விதை எடுக்கும்போது நீட்டுப்பழச் சாதிகளில் இந்தக் குறை கூடுதல் என்பதை மனதில் வையுங்கள். சின்னச் செரித் தக்காளிக்கு அபூர்வமாகவே வரும். கறிமிளகாயின் முனையும் இப்படிக் கறுப்பதுண்டு, அதற்கும் இதே வைத்தியம். தண்ணீரைச் சீராக்கிய பிறகு பிடிக்கிற இரண்டு மூன்று குலைகளும் கறுத்தால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காயைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழையுங்கள்.