குண்டு எறிந்த கரம்

(இரண்டாமாண்டு இயற்பியல் மாணவன்)



விளையாட்டு வீரனின் வாழ்வு பெரும்பாலும் முப்பது வயதையொட்டி முடிந்துவிடுகிறது. அதற்குப் பின் அவன் என்ன செய்வது? இக்கேள்வி எனக்குப் புதியதன்று. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மாலையில் மைதானத்தில் குண்டு எறிந்துவிட்டு வீடு திரும்பினால், "இரும்பைத் தூக்கிப் போட்டா நாளைக்குச் சோறு போடுமாடா?" என்று அப்பா கேட்பார். விடை தேடியபோது எனக்கு அறிமுகமானவரே அமெரிக்க வீரர் ஹெர்மன் பிரிக்ஸ்.

களத்தில்

1906-ஆம் ஆண்டு வாஷிங்டன் மாநிலத்தின் டக்கோமா நகரில் பிறந்தவர் பிரிக்ஸ். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பயின்றபோதே அமெரிக்கக் கால்பந்தில் புகழ் பெற்றார். 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் குண்டு எறிதலில் 15.75 மீட்டர் எறிந்து வெள்ளிப் பதக்கம் வென்றார். தங்கம் வென்ற ஜான் கக் எறிந்தது 15.87 மீட்டர். வேறுபாடு பன்னிரண்டே சென்டிமீட்டர்!

ஆடவர் குண்டின் எடை 7.26 கிலோ. எறிபொருள் 45 பாகைக் கோணத்தில் மிகு தொலைவு செல்லும் என்று வகுப்பில் படிக்கிறோம். ஆனால் குண்டு தரையிலிருந்து அன்று, உயர்த்திய கையிலிருந்து புறப்படுகிறது. எனவே உகந்த கோணம் 45 பாகைக்குச் சற்றுக் குறைவே. எங்கிருந்து புறப்படுகிறோம் என்பதைப் பொறுத்தே கணக்கு மாறுகிறது. இது வாழ்க்கைக்கும் பொருந்தும் அல்லவா?

திரையில்

திரைப்படத்தில் புகுந்த பிரிக்ஸை எம்.ஜி.எம். நிறுவனம் டார்ஜான் வேடத்துக்குக் கருதியிருந்தது. ஆனால் 1931-இல் 'டச்டவுன்' என்ற கால்பந்துப் படத்தில் நடிக்கையில் அவர் தோளில் அடிபட்டது. அவ்வேடம் நீச்சல் வீரர் ஜானி வைஸ்முல்லருக்குப் போயிற்று. 1932-இல் வெளிவந்த அப்படம் அவரை உலகப் புகழுக்கு உயர்த்தியது.

பின்னர் டார்ஜானைப் படைத்த எழுத்தாளர் எட்கர் ரைஸ் பர்ரோஸின் நிறுவனம் எடுத்த தொடர் படத்தில் பிரிக்ஸ் டார்ஜான் ஆனார். 1935-இல் வெளியான அந்தப் பன்னிரண்டு பகுதித் தொடரின் பெரும்பகுதி குவாத்தமாலாக் காடுகளில் படமாக்கப்பட்டது. அதில் அவர் நூலில் உள்ளபடியே நன்கு பேசத் தெரிந்த, கல்வியறிவுள்ள டார்ஜானாக வந்தார்.

இங்கே படத்தொகுப்பின் ஆற்றலைக் கவனியுங்கள். அதே படச்சுருளை வெட்டி ஒட்டி 1935-இல் ஒரு முழுநீளப் படமும், 1938-இல் 'டார்ஜானும் பச்சைத் தேவதையும்' என்ற மற்றொரு படமும் வெளியிட்டனர். நடிகர் மூன்று ஆண்டுகள் முன்னேறிவிட்டார். திரையிலோ அதே காட்டில் பழைய உடம்போடு நின்றார்! தொகுப்பறையின் கத்தரிக்கோல் அவர் கையில் இல்லை. உடம்பு வலிமையுள்ளவர் என்ற முத்திரை மட்டும் அழுந்த விழுந்தது.

மறுபிறப்பு

அப்போது பிரிக்ஸ் துணிந்து ஒரு காரியம் செய்தார். நடிப்பை முறையாகக் கற்றார். 1940-ஐ ஒட்டித் தம் பெயரையே புரூஸ் பென்னட் என மாற்றிக்கொண்டு சிறு வேடங்களிலிருந்து மீண்டும் தொடங்கினார். ஒலிம்பிக் பதக்கத்தோடு சேர்ந்த பெயரை விடுவது எளிதா? ஆயினும் விட்டார். 'சஹாரா' (1943), 'மில்ட்ரெட் பியர்ஸ்' (1945), 'சியரா மாத்ரேயின் புதையல்' (1948) ஆகிய படங்களில் நல்ல குணச்சித்திர வேடங்கள் கிடைத்தன. பிற்காலத்தில் வணிகத்திலும் ஈடுபட்ட அவர் 2007-ஆம் ஆண்டு, நூறு வயது நிறைந்தபின் மறைந்தார்.

பிறர் வெட்டித் தொகுத்த வாழ்வை ஏற்காமல், தம் வாழ்வைத் தாமே தொகுத்துக்கொண்டவர் அவர் என்பேன்.

இந்த ஆண்டு என் தோளிலும் தசைப்பிடிப்பு. போட்டிக்குப் போக முடியவில்லை. இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் ஆய்வகப் பதிவேட்டை எடுத்து எழுத உட்கார்ந்தேன். அப்பாவின் கேள்விக்கு இப்போது என்னிடம் விடை உண்டு: குண்டு சோறு போடாது, அப்பா. ஆனால் பன்னிரண்டு சென்டிமீட்டரில் தோற்றாலும் மறுநாள் மைதானத்துக்கு வரும் பழக்கத்தை அதுதான் கற்றுக்கொடுக்கிறது. அந்தப் பழக்கம் எந்த வேலையிலும் சோறு போடும்.