விளையாட்டுப் பொருள் வாங்குமுன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

சம்பளம் வாங்கிப் பட்டணத்துக்குச் செல்லும் பெற்றோர், வீட்டிலிருக்கும் குழந்தைக்கு ஏதேனும் வாங்கிவர விரும்புவது இயல்பு. கடைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் விளையாட்டுப் பொருள்கள் பலவற்றின் பெட்டிகளில், குழந்தையின் அறிவை வளர்க்கும் என்று கொட்டை எழுத்துகளில் அச்சிடப்பட்டுள்ளது. விலையோ கையைச் சுடுகிறது. அவற்றை வாங்க இயலாத பெற்றோர், தம் பிள்ளை பள்ளியில் பின்தங்கிவிடுமோ என்று கவலையுறுகின்றனர். அக்கவலை தேவையற்றது. ஒரு பொருளைக் கொண்டு குழந்தை என்னென்ன செய்ய முடிகிறது என்பதே அப்பொருளின் உண்மையான மதிப்பாகும்.

கல்வியறிஞர்கள் இதனை நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தனர். 1837-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் சிறு குழந்தைகளுக்கான பள்ளியை நிறுவிய பிரெடரிக் புரோபல், கம்பளி நூற்பந்து, மரவுருண்டை, உருளை, கனசதுரக் கட்டை ஆகிய எளிய பொருள்களையே குழந்தைகளுக்குக் கொடுத்தார். 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், ரோமாபுரியில் ஏழைத் தொழிலாளர்கள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் மரியா மாண்டிசோரி அம்மையார் ஒரு குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குச் சென்றிருக்கும் நேரத்தில் அவர்தம் பிள்ளைகளைக் காக்கவே அவ்வில்லம் ஏற்பட்டது. அங்கு அழகிய பொம்மைகள் இருந்தும் குழந்தைகள் அவற்றை விரும்பி எடுக்கவில்லை. அடுக்குதல், பொருத்துதல், பொத்தான் மாட்டுதல் போன்ற செயல்களையே நாடினர் என்று அம்மையார் எழுதியுள்ளார். இவர் 1939-ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்து, இந்திய ஆசிரியர் பலருக்குப் பயிற்சியளித்தவர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

ஆகவே, ஒரு பொருளை வாங்குமுன் அல்லது வீட்டிலேயே செய்து கொடுக்குமுன், பெற்றோர் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்.

முதற் கேள்வி: இது ஆபத்தற்றதா?

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை கையிற் கிடைக்கும் எதனையும் வாயில் வைக்கும். தொண்டையை அடைக்கக்கூடிய சிறு பொருள்களைக் கண்டறிய, விளையாட்டுப் பொருள்களைச் சோதிப்போர் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறு குழலைப் பயன்படுத்துகின்றனர். அதனுள் முழுமையாக அடங்கும் எதுவும் இவ்வயதுக் குழந்தைக்கு ஆகாது. கோலிக்குண்டு, பொத்தான், பொம்மையின் கழன்ற கண் ஆகியவை இவ்வகையின. ஒரு சாணுக்கு மேல் நீண்ட கயிறு கோத்த பொருளையும் தொட்டிலில் கட்டுதல் கூடாது. அது கழுத்தில் சுற்றிக்கொள்ளக்கூடும்.

பொத்தான் போன்ற வட்ட பாட்டரிகள் மிகக் கொடியவை. விழுங்கப்பட்ட பாட்டரி உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்திலேயே அதனைப் புண்ணாக்கிவிடும். பாட்டரி மூடி திருகாணியால் இறுக்கப்படாத பொருளை வாங்காதீர்கள். குழந்தை பாட்டரியை விழுங்கியதாக ஐயம் எழுந்தாலே உடனடியாக மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

தோட்டத்திற்கே உரிய ஆபத்துகளும் உள. கித்தாக் கொட்டையைத் தரையில் உரசிச் சூடேற்றி விளையாடுவதும், இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கையால் அழுத்தி உடைப்பதும் வளர்ந்த பிள்ளைகளின் விளையாட்டாகும். ஆனால் பச்சைக் கித்தாக் கொட்டையின் பருப்பில் சயனைடு நஞ்சை வெளிப்படுத்தும் பொருள் உண்டு. உடைந்த கொட்டை தவழும் குழந்தையின் கைக்கு எட்டலாகாது. அவ்வாறே, சிவப்பில் கறுப்புப் புள்ளி கொண்ட குன்றிமணி கடும் நஞ்சுடையது. முழுதும் சிவப்பாயுள்ள மஞ்சாடியோடு அதனை மயங்கிக்கொள்வோர் உளர். குன்றிமணியைக் கிலுகிலுப்பைக்குள் இடுவதும், பொம்மைக்குக் கண்ணாக ஒட்டுவதும் அறவே கூடாது.

களைக்கொல்லி மருந்து இருந்த கலன்களையும், பாலை உறைய வைக்கும் அமிலம் இருந்த போத்தல்களையும் கழுவிக்கூட விளையாடக் கொடுக்காதீர்கள். கழுவினாலும் நஞ்சு முற்றிலும் அகன்றுவிடும் என்பதற்கு உறுதியில்லை. மேலும், அக்கலன் விளையாட்டுப் பொருள் என்று பழகிய குழந்தை, நாளை நிறைந்த கலனையும் அவ்வாறே எடுக்கும்.

கடையில் வாங்கும்போது பெட்டியின்மீது எம்.சி. என்னும் முத்திரையும், எவ்வயதினருக்கு ஏற்றது என்ற குறிப்பும் உள்ளனவா எனப் பாருங்கள். மலேசியாவில் விளையாட்டுப் பொருள்களின் பாதுகாப்புத் தரத்திற்கென 2009-ஆம் ஆண்டில் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் விதிமுறைகள் இயற்றப்பட்டன. சாயம் உரியும் மலிவுப் பொருளைவிட, வீட்டிலுள்ள சுத்தமான மரக்கரண்டி மேலானது.

இரண்டாம் கேள்வி: இது குழந்தையின் வயதுக்கு ஏற்றதா?

பிறந்தது முதல் 6 மாதம் வரை: பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளவையே ஓரளவு தெளிவாகத் தெரியும். மடியிலிருக்கும் குழந்தைக்குத் தாயின் முகம் அத்தொலைவில்தான் உள்ளது. எனவே தாயின் முகமும் குரலுமே முதல் விளையாட்டுப் பொருள்கள். கறுப்பு வெள்ளைக் கட்டமிட்ட துணியும், மென்மையாக ஒலிக்கும் கிலுகிலுப்பையும் போதும்.

6 முதல் 12 மாதம் வரை: பிடித்தல், தட்டுதல், கீழே போடுதல் ஆகியவை இப்பருவத்தின் பாடங்கள். ஒன்றனுள் ஒன்று அடங்கும் பிளாஸ்டிக் கிண்ணங்கள், துணிப்பந்து ஆகியவற்றைக் கொடுக்கலாம். பந்தைத் துணிக்கடியில் மறைத்துத் தேடச் சொல்லுங்கள். கண்ணுக்கு மறைந்த பொருள் இல்லாமற் போய்விடவில்லை என்பதைக் குழந்தை இதனால் அறிகிறது.

1 முதல் 2 வயது வரை: பின்னின்று தள்ளிச் செல்லும் நம் பழைய மர நடைவண்டி இவ்வயதுக்கு நன்று. குழந்தையை நடுவில் உட்காரவைக்கும் வட்ட வண்டி வேறு. அது நடையை விரைவுபடுத்துவதில்லை; படிகளில் உருண்டு பெருங்காயம் விளைவிப்பதும் உண்டு. கனடா நாடு 2004-ஆம் ஆண்டிலேயே அதன் விற்பனையைத் தடைசெய்தது.

2 முதல் 3 வயது வரை: சொப்புச் சாமான்களும் துணிப் பொம்மையும் கொடுங்கள். சோறு சமைப்பதாகவும், பால்மரம் வெட்டுவதாகவும் பாவனை செய்யும் குழந்தை, பேசவும் நினைவிற்கொள்ளவும் பழகுகிறது. ஆண் பிள்ளைக்குச் சொப்பு எதற்கு, பெண் பிள்ளைக்குப் பந்து எதற்கு என்று தடுக்காதீர்கள்.

3 முதல் 6 வயது வரை: கட்டைகள், உப்பும் தண்ணீரும் கலந்து பிசைந்த கோதுமை மாவு, படத்துண்டுகள் ஆகியவை ஏற்றவை. பழைய நாட்காட்டியின் படத்தை அட்டையில் ஒட்டி, முதலில் நான்கு துண்டாகவும் பின்னர் எட்டுத் துண்டாகவும் வெட்டிச் சேர்க்கச் சொல்லலாம். 5 வயதளவில் பல்லாங்குழி கற்பிக்கலாம். மலாய்க்காரர்களின் சொங்காக்கும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. பக்கத்துக்கு ஏழு குழிகளும், இரு முனைகளில் இரு வீடுகளும் உடையது. குழிக்கு ஒன்றாகப் புளியங்கொட்டை இடும் குழந்தைக்கு எண்ணிக்கை விரலிலேயே பதிந்துவிடும்.

மூன்றாம் கேள்வி: இது குழந்தைக்கு வேலை கொடுக்கிறதா?

ஒரு விசையை அழுத்தியதும் தானே பாடி ஆடி ஓடும் பொம்மை, வேலை அனைத்தையும் தானே செய்துவிடுகிறது. குழந்தை வேடிக்கை பார்ப்பதோடு சரி. இரண்டு நாளில் சலித்துவிடும். கட்டைகளோ இன்று வீடாகும், நாளை பாலமாகும், மறுநாள் பால் ஏற்றும் லாரியாகும். கித்தா மரம் 25 முதல் 30 ஆண்டுகள் வரை வளர்ந்து பயன் தந்தபின் வெட்டப்படும்போது, அதன் பலகையைப் பதப்படுத்தி இத்தகைய கட்டைகளும் செய்கின்றனர். கடையில் அவற்றை வாங்க இயலாவிடின், பால் வாங்கிய தாட்பெட்டிகளில் பழைய செய்தித்தாளை இறுக அடைத்து ஒட்டினால் நல்ல கட்டைகள் ஆகும்.

கைத்தொலைபேசியைக் காட்டிச் சோறூட்டுவது இன்று பெருகிவருகிறது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரை அறவே வேண்டாம் என்றும், 2 முதல் 4 வயதினருக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. ஒரு வயதுக் குழந்தைக்கும் அது பரிந்துரைக்கப்படவில்லை. திரை பேசும், குழந்தையின் மழலைக்கு மறுமொழி சொல்லாது.

பெற்றோர் செய்ய வேண்டியவை

விடியுமுன் வெட்டுக்குச் செல்லும் பெற்றோருக்கு ஓய்வு குறைவு என்பது உண்மையே. எனினும் மாலையில் கால்மணி நேரம் தரையில் அமர்ந்து குழந்தையோடு விளையாட இயலும். "இது சிவப்புக் கிண்ணம். இதற்குள் அது போகுமா?" என்று பேசிக்கொண்டே விளையாடுங்கள். கட்டை சரிந்தால் உடனே அடுக்கித் தராமல், குழந்தை மீண்டும் முயலும்வரை பொறுத்திருங்கள். எல்லாப் பொருள்களையும் ஒருங்கே பரப்பாமல், மூன்று நான்கை மட்டும் கொடுத்து, மற்றவற்றை எடுத்து வைத்துச் சில நாள் கழித்து மாற்றிக் கொடுங்கள். பழைய பொருளே புதிதாகும். பகலில் பாட்டியோ ஆயாவோ குழந்தையைப் பார்த்துக்கொள்வாராயின், மேற்கூறிய ஆபத்துகளை அவரிடமும் எடுத்துரையுங்கள்.

இன்று மாலையே வீட்டிலுள்ள விளையாட்டுப் பொருள்களை ஒருமுறை பாருங்கள். உடைந்தவற்றையும் கூர்மையானவற்றையும் அகற்றுங்கள். வாசலிலும் வீட்டின் பின்புறத்திலும் கிடக்கும் கித்தாக் கொட்டைகளைக் கூட்டித் தள்ளுங்கள். காலிக் கலன்களைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். அதன்பின், நான்கு கிண்ணங்களோடு குழந்தையின் அருகில் அமருங்கள். ஒரு வெள்ளியும் செலவின்றி அன்றைய பாடம் தொடங்கிவிடும்.