கூரைமேல் சூரியப் பலகைகளும் வீட்டுக் காப்பீடும்

சிறு வருவாயுள்ள குடும்பம் தன் வீட்டுக் கூரையின்மீது சூரிய மின்பலகைகளை அமைக்கும்போது, மின்கட்டணம் எவ்வளவு குறையும் என்பதையே பெரும்பாலும் கணக்கிடுகிறது. அப்பலகைகள் ஒரே நாளில் அழிந்துவிட்டால் மீண்டும் வாங்கும் பணம் எங்கிருந்து வரும் என்னும் கேள்வி எழுவது அரிது. களப் பணியாளர்கள் இவ்விரண்டாம் கேள்வியையும் எழுப்புதல் வேண்டும்.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிரதம மந்திரி சூர்ய கர் திட்டத்தில், இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும் மானியமாக வகுக்கப்பட்டன. எஞ்சிய செலவு வீட்டுக்காரருடையது. அதைக் கடனாகப் பெறுவோரும் உளர். பலகை அழிந்தாலும் கடன் தவணை நிற்பதில்லை.

அபாயங்களுள் முதன்மையானது காற்று. காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதாகும். விநாடிக்கு இத்தனை மீட்டர் என்னும் வேகத்தை வர்க்கப்படுத்தி 0.6 ஆல் பெருக்கினால், சதுர மீட்டருக்குரிய அழுத்தம் நியூட்டன் அளவில் கிடைக்கும். 2019 மே 3ஆம் நாள் ஒடிசாவின் பூரி நகருக்கருகே கரை கடந்த ஃபானி புயலில் காற்று மணிக்கு 175 முதல் 185 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. மணிக்கு 180 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 50 மீட்டர். அதற்குரிய அழுத்தம் 1,500 நியூட்டன். அதாவது, ஒவ்வொரு சதுர மீட்டரின் மீதும் ஏறத்தாழ 150 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை. பலகையின் சொந்த எடையோ சதுர மீட்டருக்குச் சுமார் 12 கிலோகிராமே. பலகையின் சாய்வையும் கூரையில் அது அமைந்த இடத்தையும் பொறுத்து உண்மையான விசை கூடலாம், குறையலாம். எனினும் தாங்குசட்டத்தையும் போல்ட்டுகளையும் மலிவாக முடிப்பது சிக்கனமன்று என்பது இக்கணக்கால் விளங்கும். உயர் வகுப்பு மாணவர்க்கு இது நல்ல பயிற்சியுமாகும்.

காப்பீட்டுக்கு வருவோம். 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியை வழங்க வேண்டுமென ஒழுங்காற்று ஆணையம் விதித்தது. தீ, மின்னல், புயல், வெள்ளம், நிலநடுக்கம் முதலியவற்றால் நேரும் சேதத்தை இது ஏற்கிறது. வீட்டோடு சேர்ந்த கூடுதல் அமைப்புகளுள் சூரியப் பலகைகளும் அடங்கும். ஆயினும் வீட்டின் காப்புத் தொகை, தரைப்பரப்பைக் கட்டுமானச் செலவால் பெருக்கிக் காணப்படுவது. கூடுதல் அமைப்புகளின் மதிப்பு அப்பெருக்கலில் தானாக வந்து சேராது. அதைத் தனியே அறிவித்தல் வேண்டும். பாலிசி எடுத்த பின்னர்ப் பலகை அமைத்தவர், நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்துப் பாலிசியில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எத்தொகையை அறிவிப்பது? இரண்டு கிலோவாட் அமைப்பின் விலை 1,20,000 ரூபாய் எனக் கொள்வோம். மானியம் 60,000 போக, தாம் செலவிட்ட 60,000 ரூபாயையே பலர் எழுத முற்படுவர். இது பிழை. மானியம் ஒரு குடும்பத்துக்கு ஒருமுறை கிடைப்பது. மீண்டும் அமைக்கும்போது முழு விலையும் கையிலிருந்து கொடுக்க நேரும். ஆகவே 1,20,000 ரூபாயே உரிய மதிப்பாகும். இதனால் பிரிமியம் சற்று உயரும். அவ்வுயர்வை வீட்டுக்காரரிடம் மறைக்க வேண்டுவதில்லை.

இப்பாலிசி ஏற்காதவற்றையும் கூறிவிடுதல் நலம். வெறும் திருட்டு இதில் அடங்காது; புயல் போன்ற காப்புக்குரிய நிகழ்வு காரணமாக, அதனைத் தொடர்ந்த ஏழு நாட்களுக்குள் நிகழும் திருட்டே அடங்கும். குறுக்கு மின்னோட்டத்தால் இன்வெர்ட்டர் கருகினால் அந்த இன்வெர்ட்டருக்கு இழப்பீடு இல்லை. ஆனால் அதிலிருந்து தீ பரவி வீடு எரிந்தால் வீட்டுக்கு உண்டு. நாட்பட்ட தேய்மானமும் விலக்கப்பட்டதே. பலகையின் உற்பத்தித் திறன் குறைவதற்கு உற்பத்தியாளரின் உத்தரவாதத்தையே நாட வேண்டும். அவ்வுத்தரவாதமோ புயற்சேதத்தை ஏற்காது.

விலைச்சீட்டு, பலகைகளின் தொடர் எண்கள், பொருத்திய பின் எடுத்த புகைப்படம் ஆகியவற்றின் நகல்களை வேறோர் ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வைப்பது நன்று. வெள்ளக் காலங்களில் வீட்டிலுள்ள காகிதங்களும் நனைந்து அழிவதுண்டு.