ஆரம்பப் பிரிவு மாணவரும் இணையப் பாதுகாப்பும்

தேர்த் திருவிழாவுக்குப் பிள்ளையைக் கூட்டிச் செல்லும் தாய், கோயில் வீதியில் அதன் கையை இறுகப் பிடித்துக்கொள்வாள். "கை விட்டுப் போனால் அழுதுகொண்டு ஓடித் திரியாதே. ஒலிபெருக்கி இருக்கிற இடத்துக்குப் போய் அப்பாவின்ரை பெயரைச் சொல்லு" என்று முன்கூட்டியே சொல்லியும் வைப்பாள். சனக்கூட்டம் அதிகம் என்பதற்காகப் பிள்ளையை வீட்டில் பூட்டிவிட்டு எவரும் தேர் பார்க்க வருவதில்லை. இணையமும் அவ்வாறு பெருங்கூட்டம் நிறைந்த ஓர் இடமாகும். அங்கே அறிஞரும் உளர், ஆசிரியரும் உளர், உறவினரும் உளர்; தீய எண்ணங் கொண்டோரும் உளர். ஆயினும் அந்தக் கூட்டத்துக்குள் ஐந்து வயதுப் பிள்ளை பல வீடுகளில் தனியாகவே அனுப்பப்படுகின்றது. தடுமாறினால் யாரிடம் வந்து சொல்வது என்பதும் அதற்குக் கற்பிக்கப்படுவதில்லை.

வீட்டுக்குள் வந்த இணையம்

கொரோனாத் தொற்றுக் காரணமாக 2020 மார்ச் மாதம் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபோது கல்வி கைத்தொலைபேசிக்குள் புகுந்தது. சூம் வழியாக வகுப்புகள் நடந்தன. ஆசிரியர்கள் பயிற்சித்தாள்களை வட்ஸ்அப் மூலம் அனுப்பினர். அதுவரை பிள்ளையின் கையிலிருந்து கைத்தொலைபேசியைப் பறித்து வைத்த பெற்றோரே அதனை வாங்கிக் கொடுக்க வேண்டியவராயினர். பாடசாலைகள் மீளத் திறந்த பின்னரும் அந்தப் பழக்கம் நின்றுவிடவில்லை. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கான மாதிரி வினாத்தாள் வருவதும், வெளிநாட்டிலுள்ள மாமாவும் சித்தியும் முகம் பார்த்துக் கதைப்பதும், ஊர்த் திருவிழா நேரலையாகக் காணப்படுவதும் அந்த ஒரே கருவியில்தான். எனவே இணையத்தை முற்றாக விலக்கி வைப்பது இன்று நடைமுறைக்கு ஒவ்வாது. அதனைப் பயன்படுத்தும் முறையைப் பிள்ளைக்குக் கற்பிப்பதே பெரியோர் கடமையாகும்.

வயதெல்லை எதற்காக?

முகநூல், ரிக்ரொக், வட்ஸ்அப் ஆகியவற்றில் கணக்குத் திறப்பதற்குரிய குறைந்த வயது பொதுவாக 13 ஆகும். 13 வயதுக்குட்பட்ட சிறுவரின் சொந்த விபரங்களைப் பெற்றோரின் சம்மதமின்றி இணைய நிறுவனங்கள் சேகரிக்கலாகாது என 1998 இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட சட்டமே இந்த எல்லைக்கு அடிப்படையாகும். அவுஸ்திரேலியா இதற்கும் ஒருபடி மேலே சென்றது. 16 வயதுக்குட்பட்டோர் முக்கிய சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் பொறுப்பை 2025 டிசெம்பர் 10 முதல் அந்நிறுவனங்கள் மீதே அந்நாடு சுமத்தியது.

ஆரம்பப் பிரிவில் கற்கும் பிள்ளைகள் ஏறத்தாழ 5 முதல் 10 வயதினர். பிறந்த ஆண்டை மாற்றிப் பதிந்து கணக்குத் திறந்து கொடுத்தால், அப்பிள்ளை வளர்ந்தவராகவே கணிக்கப்படும். வளர்ந்தோருக்குரிய விளம்பரங்களும் காணொளிகளும் அதன் முன் வரும். முன்பின் அறியாதோர் செய்தி அனுப்புவதும் எளிதாகும். "பேருக்கு ஒரு வயது போட்டதுதானே" என்று எண்ணுவது, பிள்ளைக்காகப் போடப்பட்ட வேலியைப் பெற்றோரே பிரித்து விடுவதற்கு ஒப்பாகும்.

ஆபத்து வரும் மூன்று வழிகள்

முதலாவது, பிள்ளை காண்பவை. யூரியூப்பில் ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானாகவே ஓடத் தொடங்கும். எதை அடுத்துக் காட்டுவது என்பதைக் கணினி நிரலே தெரிவு செய்கின்றது. பார்ப்பவரை மேலும் சிறிது நேரம் பார்க்கச் செய்வதே அதன் நோக்கம். பிள்ளைக்கு அது ஏற்றதா என்று ஒரு தாய் பார்ப்பதுபோல் அது பார்ப்பதில்லை. சிறுவர் விரும்பும் கார்ட்டூன் பாத்திரங்களை வைத்து வன்முறையும் அருவருப்பும் நிறைந்த காணொளிகள் பல பரப்பப்பட்டிருந்தமை 2017 இல் உலகெங்கும் பேசப்பட்டது. சிறுவருக்கென்றே 2015 இல் வெளியிடப்பட்ட யூரியூப் கிட்ஸ் செயலிக்குள்ளும் அவற்றுட் சில நுழைந்திருந்தன. "கார்ட்டூன்தானே பார்க்கிறான்" என்று அடுப்படியிலிருந்து நிம்மதி கொள்வது போதாது என்பதற்கு இதுவே சான்று.

இரண்டாவது, பிள்ளையோடு தொடர்பு கொள்வோர். இன்றைய விளையாட்டுகள் பலவற்றில் விளையாடிக்கொண்டே பேசவும் எழுதவும் முடியும். தரம் 4 இல் கற்கும் சிறுமி ஒருத்தி அவ்வாறு விளையாடுகிறாள் என்று வைத்துக்கொண்டால், மறுபுறத்தில் இருப்பவர் தானும் ஒன்பது வயதுச் சிறுமி என்பார். விளையாட்டுக்குரிய பரிசுப் பொருட்களை அனுப்புவார். சில நாட்களின் பின் எந்தப் பாடசாலை என்று கேட்பார். பிறகு ஒரு படம் கேட்பார். இறுதியில் "அம்மாவுக்குச் சொல்லாதே, இது எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும்" என்பார். அந்தக் கடைசி வாக்கியமே அபாயத்தின் அடையாளம் ஆகும். இரகசியம் காக்கச் சொல்பவர் எவராயினும், அவர் உறவினராக இருந்தாலும், அதை உடனே வீட்டில் சொல்ல வேண்டும் என்பது பிள்ளை மனதிற் பதிய வேண்டிய முதற்பாடம்.

மூன்றாவது, வெளியே போகும் விபரங்கள். சீருடையுடன் எடுத்த ஒரு படத்திலுள்ள பாடசாலைச் சின்னம், பிள்ளை நாள்தோறும் எங்கே நிற்கும் என்பதை அந்நியருக்குச் சொல்லிவிடும். பிறந்தநாள் வாழ்த்து வயதைச் சொல்லும். இவற்றை வெளியிடுவோர் அநேகமாகப் பிள்ளைகள் அல்லர். புலமைப்பரிசில் பெறுபேறு வந்த அன்றே பெயர், பாடசாலை, புள்ளி, படம் அனைத்தையும் முகநூலில் இடுவோர் பெற்றோரும் உற்றாருமே. மகிழ்ச்சியைப் பகிர்தல் தவறன்று. அதனை உறவினர் வட்டத்துக்குள் மட்டும் பகிர்வதே நன்று.

பிள்ளை ஏன் சொல்வதில்லை?

இணையத்தில் ஏதேனும் நேர்ந்த பின்னர் பிள்ளை வாய் திறக்காதிருப்பதே பெருந்துன்பங்களுக்கு வழிவகுக்கின்றது. சொன்னால் அடி விழும், அல்லது கைத்தொலைபேசி பறிக்கப்படும் என்று அது அஞ்சுகின்றது. மிரட்டுபவரும் இந்த அச்சத்தையே ஆயுதமாக்குகின்றார். "உன் அம்மாவுக்குச் சொல்லிவிடுவேன்" என்பதே அவரது மிரட்டல். அம்மாவிடம் தானே சென்று சொல்லக்கூடிய பிள்ளையிடம் அந்த ஆயுதம் செல்லாது.

ஆகவே பிள்ளை வந்து சொல்லும்போது முதலிற் சொல்லப்படும் பதில் மிக முக்கியமானது. "உனக்கு ஆர் இதைப் பார்க்கச் சொன்னது?" என்று தொடங்கினால் அடுத்த தடவை அது வராது. "நீ சொன்னது நல்லது பிள்ளை. உன்னிலை பிழை இல்லை. இனி அம்மா பார்த்துக்கொள்ளுறன்" என்றால், பதினைந்து வயதிலும் அது வந்து சொல்லும்.

பயமுறுத்துவதும் பாதுகாப்பு ஆகாது. 2019 பெப்ரவரியில் "மோமோ" என்ற கோரமான பெண்ணுருவம் சிறுவரைத் தற்கொலைக்குத் தூண்டுகிறது என்ற செய்தி பல நாடுகளில் பரவியது. அவ்வாறு தீங்கு நேர்ந்ததற்கு ஆதாரமில்லை எனச் சிறுவர் பாதுகாப்பு அமைப்புகள் கூறின. அந்த உருவமோ யப்பானில் ஒரு கண்காட்சிக்காகச் செய்யப்பட்ட சிற்பம். பிள்ளைகளைக் காக்க எண்ணிய பெரியோரே அந்தப் படத்தை மீண்டும் மீண்டும் அனுப்பி, அதைக் காணாதிருந்த பிள்ளைகளும் கண்டு நடுங்கச் செய்தனர்.

வீட்டில் கடைப்பிடிக்கக்கூடியவை

1. கைத்தொலைபேசியோ கணினியோ விறாந்தையில் அல்லது எல்லோரும் நடமாடும் அறையில் பயன்படுத்தப்பட வேண்டும். படுக்கை அறைக்குள் கொண்டு செல்லலாகாது. இரவில் அது பெற்றோரிடமே இருத்தல் வேண்டும்.

2. தானாக ஓடும் வசதியை நிறுத்தி வைக்கலாம். கூகுள் தேடலில் பாதுகாப்பான தேடல் என்ற வசதியை இயக்கலாம். கூகுளின் ஃபமிலி லிங்க் செயலி மூலம் பிள்ளை பயன்படுத்தும் செயலிகளையும் நேரத்தையும் பெற்றோர் மட்டுப்படுத்தலாம்.

3. பெயர், பாடசாலை, முகவரி, தொலைபேசி இலக்கம், கடவுச்சொல், படம் ஆகிய ஆறையும் கேட்காமல் எவருக்கும் கொடுப்பதில்லை என்பதை விரல் விட்டு எண்ணிச் சொல்லப் பழக்கலாம்.

4. விளையாட்டில் பொருள் வாங்குவதற்குப் பெற்றோரின் வங்கி அட்டை விபரம் தொலைபேசியிற் பதிந்திருக்கலாகாது. குறுஞ்செய்தியில் வரும் இரகசிய இலக்கத்தை எவர் கேட்டாலும் சொல்லக்கூடாது.

5. நாளுக்குப் பத்து நிமிடமேனும் பிள்ளையின் அருகிலிருந்து அது பார்ப்பதைச் சேர்ந்து பார்க்க வேண்டும். தாய் தந்தையர் வேலைக்குச் செல்லும் வீடுகளில் அம்மம்மாவோ அப்பப்பாவோ இதனைச் செய்யலாம். அவர்களுக்குத் தொழில்நுட்பம் தெரியாது என்பது தடையன்று. "இது என்ன, எனக்கும் ஒருக்காக் காட்டு" என்று கேட்பதே போதும்.

6. பெரியோரும் சாப்பாட்டு வேளையில் தம் கைத்தொலைபேசியை விலக்கி வைக்க வேண்டும்.

தீங்கு நேர்ந்துவிட்டால்

பதற்றத்தில் செய்திகளை அழித்துவிடலாகாது. வந்த செய்தி, அனுப்பியவரின் கணக்குப் பெயர், திகதி என்பன சான்றுகளாகும். அவற்றைப் பாதுகாத்துக்கொண்டு அந்நபரைத் தடை செய்ய வேண்டும். மிரட்டுபவருக்குப் பணமோ வேறு படமோ அனுப்புதல் கூடாது. அனுப்பினால் அவர் மேலும் கேட்பார். சிறுவரின் ஆபாசப் படம் ஒன்று கிடைத்தால், "பாருங்கள் அநியாயத்தை" என்ற நல்லெண்ணத்திலும் அதனை வேறு எவருக்கும் அனுப்பலாகாது. அவ்வாறான படங்களை வைத்திருத்தலும் பரப்புதலும் தண்டனைச் சட்டக்கோவையில் 1995 இல் சேர்க்கப்பட்ட 286அ பிரிவின்படி குற்றமாகும்.

1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையை 1929 என்ற இலக்கத்தில் கட்டணமின்றித் தமிழிலேயே தொடர்புகொள்ளலாம். கணக்குத் திருடப்படுதல் போன்ற கணினி சார்ந்த சிக்கல்களுக்கு இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 என்ற இலக்கம் உண்டு. இவ்விரு இலக்கங்களையும் வீட்டுச் சுவர் நாட்காட்டியில் எழுதி வைத்தல் பயன் தரும். "ஊருக்குத் தெரிந்தால் என்னாகும்" என்று மூடி மறைப்பது, தீயவன் அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் செல்வதற்கே உதவும்.

திருவிழாக் கூட்டத்தில் பிடித்த கையைப் பெற்றோர் என்றோ ஒரு நாள் விடத்தான் வேண்டும். அன்று பிள்ளைக்குத் துணையாவது, எது நடந்தாலும் வீட்டில் போய்ச் சொல்லலாம் என்ற துணிவு ஒன்றே. அந்தத் துணிவை ஆரம்பப் பிரிவுப் பருவத்திலேயே ஊட்டி வளர்ப்பது ஒவ்வொரு பெற்றோரினதும் ஆசிரியரினதும் தலையாய கடமையாகும்.