அவசரப்பட்டு இழைக்காதே, தங்கச்சி

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஐப்பசி பிறந்ததிலிருந்து நகரியில் சரியான வெயில் இல்லை, பட்டறையில் உருப்படிகள் அடைந்து கிடக்கின்றன, மேசை இழுப்பறைகள் திறக்க மறுக்கின்றன, பூசிய பாலீஷ் வெளுத்துப் போகிறது, வாங்க வருகிறவர்கள் "தை பிறக்கட்டும்" என்று சொல்லிப் போய்விடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். இழுப்பறைகளை இழைத்துவிடலாம் என்கிறார் மாப்பிள்ளை. மெலமைன் ஸ்பிரே அடித்து இரண்டே நாளில் பளபளவென்று தருகிறேன் என்கிறார் ஒரு பெயிண்டர். இரண்டுக்கும் என் யோசனை கேட்டிருக்கிறாய்.

இரண்டும் வேண்டாம். பழைய மரச்சாமானைச் செப்பனிடுகிறவர் செய்யும் வேலையைப் பின்னால் வரும் இன்னொரு ஆசாரி சேதமில்லாமல் கழற்ற முடிய வேண்டும். நான் உனக்குச் சொல்லப்போவது எல்லாமே இந்த ஒரு விதிதான். மழைக்காலத்தில்தான் இது அதிகம் மீறப்படுகிறது. கையில் காசு குறைந்தால் கை அவசரப்படும். அவசரத்தில் செய்வது பெரும்பாலும் திரும்ப எடுக்க முடியாத வேலையாகவே இருக்கும்.

முதலில் இழுப்பறை. மரம் நீளவாக்கில் அநேகமாக மாறாது. குறுக்குவாக்கில்தான் ஈரத்தை வாங்கி உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் வரும் மாற்றம், நடுவிலிருந்து பட்டையை நோக்கிப் போகும் திசையில் வருவதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. கார்த்திகையில் இறுக்கிப் பிடிக்கும் இழுப்பறை பங்குனியில் தானாக விடும். இப்போது இழைத்தால், அக்னி நட்சத்திர வெயிலில் அதே இழுப்பறை லொடலொட என்று ஆடும். வாங்கியவர் உன்னைத்தான் திட்டுவார். மெழுகுவர்த்தியை ஓடுபலகையிலும் இழுப்பறையின் அடி விளிம்பிலும் நன்றாகத் தேய்த்துப் பார். அப்படியும் ஓடவில்லை என்றால் ஓடுபலகை தேய்ந்து ஒரு பக்கம் இறங்கியிருக்கும்; அதை மாற்று. இழைப்புளியைப் பங்குனி வரை பெட்டிக்குள் வை.

பீரோக் கதவின் நடுப்பலகைக்கும் இதே கணக்கு. சட்டத்தின் காடிக்குள் அது ஒட்டப்படாமல் சும்மா நிற்கும். உப்பவும் சுருங்கவும் இடம் வேண்டும் என்றுதான் பழைய ஆசாரிகள் அப்படி விட்டார்கள். ஆடுகிறதே என்று காடியில் பசை ஊற்றி இறுக்கினால் வரும் கோடையில் பலகை நடுவில் பிளக்கும்.

அடுத்து நீ பூசும் அரக்குப் பாலீஷ். அரக்கு ஸ்பிரிட்டில் கரைவது. பூசியதும் ஸ்பிரிட் ஆவியாகும், மேற்பரப்பு குளிரும், காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அது படலத்தில் இறங்கி வெண்மேகம்போல் நிற்கும். அதைக் கண்டு பயந்து எல்லாவற்றையும் சுரண்டிவிடாதே. காய்ந்த ஒரு நாளில், மதிய வெளிச்சத்தில், துணிப்பொதியில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு லேசாக ஓட்டினால் மேல்படலம் மறுபடி இளகி வெளுப்பு பெரும்பாலும் போய்விடும். அரக்கின் அருமையே இதுதான்: எத்தனை வருடம் கழித்தும் ஸ்பிரிட் பட்டால் இளகும், பழைய படலத்தோடு புதியது கலந்துகொள்ளும். மெலமைன் அப்படி இல்லை. கடினப்பட்ட பிறகு ஸ்பிரிட் அதை ஒன்றும் செய்யாது. நடுவில் ஒரு கீறல் விழுந்தால் முழுப்பலகையையும் சுரண்டித்தான் ஆக வேண்டும். சூடான டம்ளர் தினமும் வைக்கும் ஓட்டல் மேசைக்கு மெலமைன் நல்லது, ஒப்புக்கொள்கிறேன். தாத்தா காலத்து எழுதுமேசைக்கு வேண்டாம்.

அரக்கைக் கரைத்து மாதக்கணக்கில் வைக்காதே. பழசான கரைசல் காயாமல் பிசுபிசுக்கும். ஈரக் காலத்தில் இன்னும் மோசம். தேவைக்கு மட்டும் கரை. பொதிக்குள் வைக்க நல்ல பருத்தி நூல் கழிவு உங்கள் ஊர் விசைத்தறிக் கூடங்களிலேயே கிடைக்கும். செயற்கை இழை கலக்காததாகப் பார்த்து வாங்கு.

பசை விஷயத்தில் மாப்பிள்ளையோடு எனக்குக் கொஞ்சம் சண்டை உண்டு. பெவிகால் 1959இல் வந்தது. உங்களிடம் வரும் நல்ல நாற்காலிகள் பலவற்றுக்கு அதைவிட வயது அதிகம். அவற்றின் மூட்டுகளில் இருப்பது தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வச்சிரம். அதன் மேல் வெள்ளைப் பசையைத் தடவினால் சரியாகப் பிடிக்காது. ஆடும் மூட்டில் பசையை ஊற்றி ஓர் ஆணியும் அறைந்து அனுப்புவதுதான் ஊர் வழக்கம். அந்த ஆணி துருப்பிடித்துக் கழுந்தைப் பிளக்கும். மூட்டை முழுதாகக் கழற்று, வெந்நீர்த் துணியால் பழைய வச்சிரத்தை இளக்கித் துடை, காயவிடு, பிறகு வச்சிரத்தாலேயே ஒட்டு. நாளைக்கு அதே மூட்டு ஆடினால் வெந்நீரும் சூடும் போதும், கழன்று வரும். சாரல் அடிக்கும் திண்ணைப் பெஞ்சுக்கு வச்சிரம் தாங்காது. அங்கே பசையை நம்பாமல் குறுக்கே துளைத்து மர ஆணி இறக்கு. அதையும் பின்னால் தட்டி எடுக்கலாம்.

அப்படியானால் மழையில் என்னதான் செய்வது என்று கேட்பாய். பிரம்பு பின்னு. தண்ணீரில் ஊறிய பிரம்புதான் வளையும். ஈரக்காற்றில் அது சீக்கிரம் விறைக்காது, கைக்கு நேரம் கிடைக்கும். பின்னி முடித்து உலரும்போது தானாக இறுகி மேளத் தோல்போல் நிற்கும். சாய்வு நாற்காலி இருக்கைகளையும் பெஞ்சு முதுகுகளையும் இந்த மாதங்களில் முடித்து வைத்தால் தையில் சட்டத்துக்குப் பாலீஷ் மட்டும் மிச்சம். பித்தளைக் கைப்பிடி, பூட்டு, கீல் எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்வதற்கும் இதுவே நேரம். கைப்பிடியை மின்னும்வரை தேய்க்காதே. அழுக்கு போனால் போதும், கருமை இருக்கட்டும்.

பூச்சியையும் இப்போதே பார். வைரம் பாய்ந்த தேக்கைத் துளைப்பூச்சி பெரும்பாலும் தொடாது. ஓரத்தில் இருக்கும் வெள்ளையைத்தான் தின்னும். சந்தேகம் வந்த உருப்படியைத் தனியாக நிறுத்தி அடியில் கறுப்புக் காகிதம் விரித்து வை. சில நாளில் மாவுபோல் புதுத் தூள் விழுந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். பாலீஷ் எடுத்த வெற்று மரத்தில் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் இறங்கும். பாலீஷின் மேல் அடித்தால் வீண். பழைய பச்சை, நீலப் பெயிண்ட் அடித்த அலமாரிகளை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்காதே. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் எவ்வளவு ஈயம் இருக்கும் என்று கண்ணால் சொல்ல முடியாது. நனைத்துச் சுரண்டு, முகமூடி போடு, குழந்தையைப் பட்டறைக்குள் விடாதே.

நமக்கு ஈரம் தொல்லை என்றால், பனி கொட்டும் ஊர்களில் இதே தொழில் செய்கிறவர்களுக்குத் தொல்லை தலைகீழ். டொரண்டோவில் குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும், காற்று வறண்டு மரம் சுருங்கும். இங்கே மழையில் இறுகிய மேசை அங்கே ஜனவரியில் வெடிப்பு விடும். வெளிநாட்டுச் சொந்தக்காரருக்கு அனுப்ப ஒருவர் கேட்டால் இதைச் சொல்லிவிட்டு விற்றுவிடு.

இனி, வாங்குவது. மார்கழிக் கடைசியில் நீங்கள் இருவரும் பட்டறையில் உட்காரக் கூடாது. போகிக்கு நம் ஆந்திர, தமிழக எல்லையின் இரண்டு பக்கமும் பழையதைக் கொளுத்துவார்கள். கால் உடைந்த நாற்காலி, தேக்குச் சட்டம், தொட்டில் கம்பு எல்லாம் அதில் போகும். அதற்கு முந்தைய வாரம் புத்தூர், சித்தூர், திருத்தணித் தெருக்களைச் சுற்றி வா. காயலான் கடைக்காரர்களிடமும் சொல்லி வை. வெள்ளம் வந்த பிறகும் சாமான் தெருவுக்கு வரும். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2021 நவம்பரில் திருப்பதியிலும் பார்த்தோம். நனைந்து உப்பிய பார்ட்டிகிள் போர்டை இனாமாகக் கொடுத்தாலும் எடுக்காதே. கெட்டி மரம் பிழைக்கும், ஆனால் வெயிலில் போடாதே. நிழலில், நாலு பக்கமும் காற்றுப்பட மெதுவாகக் காய வேண்டும். மற்றவர் துயரத்தில் பேரம் பேசி அடிமாட்டு விலைக்குக் கேட்காதே என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் பகுதியில் ஒரு மரத்துக்கு மட்டும் தனி எச்சரிக்கை. செம்மரத்தில் செய்ததென்று யார் எதைக் கொண்டுவந்தாலும், எவ்வளவு பழசு என்று சத்தியம் செய்தாலும், வனத்துறைக் காகிதம் இல்லாமல் தொடாதே. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரப் போலீஸ் சுட்டதில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் இறந்தார்கள். அந்த மரத்தின் பின்னால் என்ன இருக்கிறது என்று நகரியில் இருக்கும் உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கோயில் வாகனம், தேர்ச் சிற்பத்தின் துண்டு போன்றவையும் வேண்டாம். 100 வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை வியாபாரம் செய்ய 1972 தொல்பொருள் சட்டப்படி உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு ஒருமுறை போய்வா. பர்மாவில் தொழில் செய்த செட்டியார்கள் கட்டிய வீடுகளின் தேக்குச் சாமான்கள், வீடுகள் பங்கு பிரிந்தும் இடிபட்டும் போன பிறகு, அந்தத் தெருக் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. நல்ல சரக்கையும், பழைய மரத்தில் புதிதாகச் செய்த சரக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முகப்பைப் பார்க்காதே, இழுப்பறையைக் கவிழ்த்து அடியைப் பார், முதுகுப் பலகையைப் பார். பொய் சொல்ல நினைப்பவர் அங்கே உழைப்பதில்லை.

உன்னிடம் வாங்குகிறவரும் அப்படித்தான் கவிழ்த்துப் பார்ப்பார். அதனால்தான் சொல்கிறேன்: விற்கும் ஒவ்வொரு உருப்படிக்குள்ளும் ஒரு சீட்டு ஒட்டு. எந்த ஊர் வீட்டிலிருந்து வந்தது, எந்தக் கால் புதிது, என்ன பசை, என்ன பாலீஷ், எந்த மாதம். மக்கு வைத்து மறைத்த இடத்தையும் எழுது. விலை குறையும் என்று மாப்பிள்ளை பயப்படலாம். குறைத்துக் கேட்பவர் இருப்பார். எழுதியிருப்பதைப் பார்த்து நம்பி வாங்குபவர் அடுத்த ஆளையும் கூட்டி வருவார். கட்டில் விற்பது மட்டும் சிரமம். யாராவது இதில் படுத்துச் செத்தார்களா என்று கேட்பார்கள். தெரிந்தால் உண்மையைச் சொல், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். ஒரு கட்டில் நின்றுபோனால் போகட்டும்.

கணக்குக்கு வருவோம். பழைய சாமானை வாங்கி, அதன் தன்மை மாறாமல் சிறுவேலை செய்து விற்றால், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் ஜிஎஸ்டி கட்ட வழி இருக்கிறது. வாங்கியதற்கான வரிக்கழிவு எடுத்திருக்கக் கூடாது. 4,000 ரூபாய்க்கு வாங்கி 9,000 ரூபாய்க்கு விற்றால் 5,000 ரூபாய்க்குத்தான் வரி. பழைய கதவை அறுத்து மேசை செய்தால் அது புதுச் சாமான், முழு விலைக்கும் வரி. நீ இருப்பதோ எல்லையில். குட்டி யானையில் ஏற்றித் திருத்தணிக்கோ சென்னைக்கோ நீயே அனுப்பி விற்றால் அது வேறு மாநிலத்து விற்பனை. வியாபாரம் எவ்வளவு சிறிதானாலும் பதிவு கேட்கப்படும். யாரிடம் எவ்வளவுக்கு வாங்கினாய் என்ற ரசீது இல்லாமல் இதில் எதுவும் நடக்காது. காயலான் கடையிலும் ஒரு கையெழுத்து வாங்கு.

கடைசியாக உங்கள் இருவர் விஷயம். வருகிறவர்கள் உன்னைத் தாண்டி "ஆசாரி எங்கே?" என்று கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். பிரம்பும் பாலீஷும் உன் கை, மூட்டும் சட்டமும் அவர் கை. போர்டில் இரண்டு பெயரும் இருக்கட்டும். உள்ளே ஒட்டும் சீட்டில் எந்த வேலை யாருடையது என்று எழுதுங்கள். விலை சொல்லும்போது உன் மணிநேரத்தையும் கூலியாகச் சேர்; வீட்டுப்பெண் செய்தது என்று அதைச் சும்மா விடுவதால்தான் பல பட்டறைகளில் லாபம் இருப்பதுபோல் தெரிகிறது.

இப்போதைக்கு அரிசி, வாடகைக்குக் காசு வேண்டும் என்றால் பின்னி முடித்த நாற்காலிகளில் இரண்டை நியாயமான விலைக்குக் கொடு. நல்ல எழுதுமேசையைக் கெடுத்து விற்காதே. மெலமைன்காரரிடம் வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடு. பொங்கல் கழிந்து, வாங்கிய ரசீதுகளை எடுத்துக்கொண்டு இருவரும் திருத்தணிக்கு வாருங்கள். எனக்குத் தெரிந்த ஆடிட்டரிடம் கூட்டிப் போகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்