மழை, பனிக்காலங்களில் மோட்டார் வண்டிகளின் மேற்புறத்தைப் பாதுகாத்தல்

தர்மபுரி ஜில்லாவைச் சேர்ந்த பாப்பிரெட்டிப்பட்டி வட்டம் சேர்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே அமைந்தது. கரும்பும் மஞ்சளும் மரவள்ளியும் விளையும் இப்பகுதியில், முற்காலத்தில் எருதும் கட்டை வண்டியும் செய்துவந்த வேலையில் பெரும்பகுதியை இப்பொழுது டிராக்டர், டிரெயிலர், ஜீப், கார் முதலியன செய்துவருகின்றன. எருது நோயுற்றால் உடையவர் அன்றே அறிவார். தகடு துருவேறினாலோ, ஓட்டை விழும் வரையில் அறியமாட்டார். கடன் தவணை தீருமுன்னரே வண்டி அரித்துப்போனால் நஷ்டம் இரட்டிப்பாகும். ஆகையால் ஐப்பசி முதல் தை வரையில் வண்டியின் மேற்புறத்தைக் காக்கும் முறையை விவசாயிகள் அறிந்திருத்தல் அவசியம்.

துரு உண்டாகும் விதம்

இரும்பு, நீர், காற்றிலுள்ள பிராணவாயு ஆகிய மூன்றும் கூடினால் துரு உண்டாகும். இவற்றுள் ஒன்றை விலக்கினாலும் துரு நின்றுவிடும். டில்லியில் குதுப்மினாருக்கு அருகிலுள்ள இரும்புத் தூண் சுமார் 1600 ஆண்டுகளாக வெட்டவெளியில் நிற்கின்றது. அவ்விரும்பில் பாஸ்வரம் மிகுந்திருப்பதால் அதன்மீது மெல்லிய காப்புப் படலம் உண்டாயிற்று என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் விளக்கினார். நமது வண்டித் தகட்டில் அத்தகைய இயற்கைக் காப்பு இல்லை. அதன் கனமும் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவே. எனவே வர்ணப் பூச்சே அதற்குக் கவசமாகும்.

மழையைக் காட்டிலும் பனி அற்பமானது என்று எண்ணுதல் தவறு. மேகமற்ற மார்கழி இரவில் தகடு தன் சூட்டை வானத்திற்கு விட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். அப்பொழுது காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் நீராகப் படியும். மழை பெய்யாத நாட்களிலும் வண்டி இவ்வாறு இரவெல்லாம் நனைகின்றது.

உரமும் உப்பே

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் குளிர்காலத்தில் சாலைகளில் உறையும் பனிக்கட்டியை உருக்க உப்புத் தூவுவர். அவ்வுப்பு வண்டிகளின் அடிப்புறத்தை அரிக்கின்றது. நமது ஊரில் அத்தொல்லை இல்லையாயினும் உப்பு இல்லாமல் இல்லை. மியூரியேட் ஆப் பொட்டாஷ் என்னும் உரத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பங்கு குளோரைடு உள்ளது. யூரியாவோ காற்றின் ஈரத்தை ஈர்த்துக் கசியும். உர மூட்டை ஏற்றிய டிரெயிலரைக் கழுவாமல் பனியில் நிறுத்துவது, தகட்டின்மேல் உப்புநீர் தெளிப்பதற்கு ஒப்பாகும். மூட்டைகளை இறக்கியவுடன் தரையைப் பெருக்கி, அன்றைக்கே நீர் விட்டு அலசிவிடவேண்டும்.

கழுவும் முறை

1. சேற்றைக் காய்ந்தபின் சுரண்டலாகாது. மணல் வர்ணத்தைக் கீறிவிடும். முதலில் நீரை ஊற்றி ஊறவைத்து, பின்னர் மிருதுவான துணியால் மேலிருந்து கீழாகத் துடைக்கவேண்டும்.

2. சக்கரங்களின் மேலுள்ள மட்கார்டின் உட்புறத்தில் அப்பிய சேறு பல நாட்கள் ஈரத்தை வைத்திருக்கும். துரு பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்கும். அவ்விடத்தை முதலில் கவனிக்கவேண்டும்.

3. துணி துவைக்கும் சோப்புத்தூளை உபயோகிக்கலாகாது. அதன் காரம் மெழுகுப் பூச்சைப் போக்கிவிடும். வண்டிகளுக்கென விற்கும் ஷாம்பூவே தக்கது.

4. உப்புநீர்க் கிணற்று நீரோ ஆழ்துளைக் கிணற்று நீரோ தானே காய்ந்தால் வெண்புள்ளிகள் படியும். ஆகையால் நிழலில் கழுவி, உடனே உலர்ந்த துணியால் ஒற்றியெடுக்கவேண்டும். மழைநீரைச் சேமித்து வைத்திருப்போர் அதனை உபயோகிப்பது உத்தமம்.

5. காரின் கதவுகளின் அடியில் நீர் வடியச் சிறு துளைகள் உண்டு. அவை மண்ணால் அடைபட்டால் கதவு உள்ளிருந்தே அரிக்கும். ஒரு குச்சியால் அவற்றைத் திறந்துவைக்கவேண்டும்.

6. பறவை எச்சத்தையும் மரப்பிசினையும் கண்ட அன்றே நீரில் ஊறவைத்து எடுத்துவிடவேண்டும். தாமதித்தால் வர்ணத்தில் வடு நிலைத்துவிடும்.

பூச்சும் பழுதும்

மழைக்கு முன்னரும் பின்னரும் ஒவ்வொரு முறை மெழுகு பூசினால் நீர் தங்காமல் உருண்டோடும். பளபளப்பிற்காக டீசலால் துடைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது புழுதியை ஈர்ப்பதுடன் ரப்பர் பாகங்களையும் கெடுக்கும். கழிவு எண்ணெயும் அத்தகையதே. நிலத்தில் சொட்டினால் மண்ணுக்கும் கேடு. வர்ணம் பூசாத கொழுமுனை, கலப்பைத் தகடு முதலியவற்றிற்கு மட்டும் மண் போக்கி, உலர்த்தி, சுத்தமான கிரீஸ் தடவலாம்.

வர்ணம் பெயர்ந்த இடத்தை உப்புத்தாளால் இரும்பு மின்னும் வரை தேய்த்து, உலர்த்தி, அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமரும் அதன்மேல் வர்ணமும் பூசவேண்டும். துருவின்மீதே வர்ணம் பூசினால் நோயை மூடி வைத்ததாகுமேயன்றி நீக்கியதாகாது. டிரெயிலரின் கொக்கியிலும் பற்றவைத்த மூட்டுகளிலும் துரு ஆழ்ந்திருந்தால் பூச்சோடு நில்லாமல் பட்டறையில் காட்டவேண்டும். கரும்புப் பாரத்துடன் செல்லும் டிரெயிலர் சாலையில் கழன்றால் உயிர்ச்சேதம் நேரக்கூடும்.

நிறுத்தும் இடம்

வானத்தை மறைக்கும் கூரை எதுவாயினும் பனி படிவதைப் பெரிதும் தடுக்கும். கீற்றுக் கொட்டகையே போதும். பக்கங்களில் காற்றோட்டம் இருத்தல் வேண்டும். ஈர வண்டியைப் பிளாஸ்டிக் தாளால் இறுக மூடினால் ஈரம் உள்ளேயே தங்கிக் கேடு விளைவிக்கும். மாட்டுத் தொழுவத்திலும் உரக் கிடங்கிலும் வண்டியை நிறுத்தலாகாது. புளிய மரத்தடியும் நல்லதன்று.

கிராம நிர்வாக அலுவலர்களும் கூட்டுறவுச் சங்க நிர்வாகிகளும் இம்முறைகளை விவசாயிகளுக்கு எடுத்துரைப்பதுடன், பொதுவில் வாடகைக்கு விடும் டிராக்டர்களும் கருவிகளும் கழுவி உலர்த்தப்பட்டே திரும்பவருகின்றனவா என்று பார்த்துப் பெற்றுக்கொள்ளுதல் நலம். பலர் கையாளும் பொருளைக் கவனிக்கத் தனியே ஒருவர் இல்லாவிடில் அதுவே முதலில் துருப்பிடிக்கும். வாரம் ஒரு மணி நேர உழைப்பும், ஒரு டப்பா மெழுகும், சிறிது வர்ணமும் இதற்குப் போதுமானவை.