டிராக்டர் பிரேக் பராமரிப்பு

டிராக்டரின் இரண்டு பின் சக்கரங்களுக்கும் தனித்தனி பிரேக் மிதி உண்டு. உழவின்போது வரப்போரம் திருப்ப ஒரு மிதியை மட்டும் அழுத்துவது வழக்கம். சாலைக்கு ஏறுமுன் இரண்டையும் கொக்கியால் இணைத்துவிட வேண்டும். இணைக்காமல் கரும்புப் பாரத்துடன் விரைந்து செல்கையில் ஒரு மிதி மட்டும் அழுந்தினால் வண்டி பக்கவாட்டில் இழுத்துக் கவிழ நேரிடும்.

கொக்கி மட்டும் போதாது. வயலில் ஒரே பக்கமாகத் திருப்பி ஓட்டுவோருக்கு அந்தப் பக்கத்து பிரேக்தான் முதலில் தேயும். எனவே டிரெய்லரைக் கழற்றிவிட்டு, ஆளில்லாத சமதரையில் மெதுவாக ஓட்டி பிரேக் போட்டுப் பார்க்கவும். வண்டி வலப்புறம் இழுத்தால் பெரும்பாலும் இடப்புற பிரேக் தளர்ந்திருக்கும். பிரேக் பிடிக்கத் தொடங்குமுன் மிதி சும்மா இறங்கும் அளவு இருபுறமும் சமமாக இருக்குமாறு கையேட்டின்படி சரிசெய்ய வேண்டும். அப்படியும் பிடிக்காவிட்டால் லைனிங்கைப் பார்க்கவும். தேய்ந்திருந்தால் இருபுறமும் சேர்த்தே மாற்றவும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பழைய இழுப்பு மறுபக்கம் போகும், அவ்வளவே.

உலர் பிரேக் உள்ள வண்டிகளில் தொளி உழவின்போது நீர் புகுந்தால் பிடிப்புக் குறையும். மெதுவாக ஓட்டி, மிதியை லேசாக அழுத்தி உலர்த்திய பிறகே பாரம் ஏற்றவும். எண்ணெயில் மூழ்கிய பிரேக்கிற்கு இத்தொல்லை குறைவு. ஆனால் கையேட்டில் குறித்த வகை எண்ணெயையே ஊற்ற வேண்டும்.